மேனேஜருக்கு மூன்று கால் போதுமாம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாத மூன்றாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாதி உனக்குத் தெரியும், மீதியையும் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ அழுவாய், நான் கத்துவேன், அப்பா போனைப் பிடுங்கி அங்கே குளிரா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆறே மாதம் நாயைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போனாய், ஏழு வருடம் ஆகிறது, உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சரைப் பார்த்தால் விசாரிக்க வேண்டும். நீ ஆசையாக வைத்த பேர் இங்கே யார் வாயிலும் நுழையவில்லை. அப்பாவின் தையல் கடை வாசலில் படுத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், வருகிறவர் போகிறவரை மேலும் கீழும் பார்க்கிறவனை மேனேஜர் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவதாம். அந்த மேனேஜர்தான் இரண்டு மாதம் முன்பு வலது முன்னங்காலை நொண்ட ஆரம்பித்தான். படியில் சறுக்கியிருப்பான் என்றார் அப்பா. நானும் உன் அத்தை சொன்னாளே என்று இரண்டு வாரம் தைலம் தேய்த்தேன், அவன் அதை நக்கிவிட்டு என்னைத் திட்டுவதுபோல் பார்த்தான். வீக்கம் வந்த பிறகுதான் நம் மூளைக்கு எட்டியது. கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா படம் எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள், எலும்பு செல்லரித்த மரம் மாதிரி இருந்தது. புற்றுநோய். காலைத் தோளோடு எடுத்துவிட்டு மருந்து ஏற்றினால் ஒரு வருடம் கிடைக்கலாம், காலை மட்டும் எடுத்தால் நாலைந்து மாதம், எதுவும் வேண்டாமென்றால் வலி மாத்திரை, அதுவும் கேட்காமல் போனால் ஒரேயடியாகத் தூங்கவைக்கும் ஊசி. ஹோட்டலில் என்ன இருக்கிறது என்று சொல்வதுபோல் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, பாவம், அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஊரில் இருக்கிற டாக்டர்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். பட்டன் கடைக்காரர் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொன்னார். உன் அத்தை போன மாதம் தைலம் சொன்னதை மறந்துவிட்டு, எதுக்கு அதைப் போட்டு வதைக்கிறீங்க, ஊசியப் போட்டு அனுப்பிடுங்க என்றாள். நீ உன் பங்குக்கு நாற்பத்திரண்டு கட்டுரை அனுப்பினாய், எண்ணினேன், எல்லாம் இங்கிலீஷில், கீழே ஒரு வரி, எதையும் விட்டுடாதீங்கம்மா. நாங்கள் ஏதோ விட்டுவிடத் துடிப்பதுபோல. உன் அப்பா எல்லோரையும் மிஞ்சினார். கால வெட்டறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன், அவன் என்ன பேன்ட்டா, கால் நீளமா இருக்குன்னு வெட்டறதுக்கு என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். ஒன்பது நாள். இருபது கிலோ நாயைத் தினம் நாலு தடவை சிறுநீர் கழிக்கத் தூக்கிக்கொண்டு போவார், தூக்கும்போதெல்லாம் அவன் முனகுவான், இவர் காதில் விழாததுபோல் நடப்பார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு படி. மின்சார ஆபீசில் முப்பது வருடம் புகார் மேசையில் உட்கார்ந்தவள் நான், சரிசெய்ய முடியாததைச் சீக்கிரம் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று பழகியவள். அப்பாவுக்குத் தெரியாமல் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், வியாழக்கிழமை ஊசிக்கு நேரம் வாங்கிவந்தேன். வீட்டுக்கு வந்து மேனேஜருக்குச் சோறு பிசைந்தேன், அவன் என் விரலை எல்லாம் நக்கிச் சாப்பிட்டான். அதற்குமேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

செவ்வாய்க்கிழமை அப்பா வெட்டும் மேசையிலிருந்து கத்தரிக்கோல் தவறி அந்தக் கால் பக்கத்தில் விழுந்தது, படக்கூட இல்லை. அவரே குனிந்து தடவப்போனார், கடித்துவிட்டான். ஏழு வருடத்தில் ஒரு ஈயைக்கூட ஒழுங்காகக் கடிக்காத சோம்பேறி, சோறு போடுகிறவர் கையைக் கடித்தான். கடித்த அடுத்த நிமிடம் மேசைக்கடியில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான், பேர் சொல்லிக் கூப்பிட்டும் வரவில்லை. நான் துணியால் கட்டும்போது அப்பா, இவ்வளவு வலியாடி இவனுக்கு என்று என்னிடம் கேட்டார், நான்தான் வலி கொடுத்ததுபோல. கடையைச் சாத்தினோம், மூன்று பேரும் வாடகைக் காரில் டாக்டரம்மாவிடம் போனோம். நான் வாங்கிவைத்த வியாழக்கிழமையையும் அவருக்கு வழியிலேயே சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா அவனை ஆஸ்பத்திரியின் நீண்ட வராந்தாவில் நடக்கவிட்டு எங்களைப் பார்க்கச் சொன்னாள். ஐயா, அவன் இப்பவே மூணு கால்லதான் நடக்கறான், நாலாவது கால் சும்மா வலிக்கறதுக்குத்தான் இருக்கு என்றாள். எங்கள் இரண்டு பேருக்கும் நாலு கண், ஆளுக்கொரு கண்ணாடி வேறு, இரண்டு மாதமாக இது தெரியவில்லை. அப்பா கட்டுப்போட்ட கையாலேயே கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து பதினோரு நாள் ஆகிறது. அப்பா தையலைப் பரிசோதித்து, பரவாயில்லை, ஆனா துணிய இன்னும் கொஞ்சம் உள்ள மடிச்சிருக்கலாம் என்று டாக்டரம்மாவிடமே சொல்லி என் மானத்தை வாங்கினார். காயத்தை நக்காமல் இருக்க, என் மாப்பிள்ளை விட்டுப்போன நீலச் சட்டையை வெட்டி, ஒரு கையை மூடி, முதுகில் பட்டன் வைத்து அவனுக்குப் போட்டிருக்கிறார், இனி அந்தச் சட்டையைத் தேட வேண்டாம் என்று சொல்லிவிடு. மூன்றாம் நாள் எழுந்தான், விழுந்தான், நாங்கள் தள்ளிவிட்டதுபோல் முறைத்தான், மறுபடி எழுந்து நேராகக் கடை வாசலுக்குப் போய்விட்டான். ரவிக்கை தைக்கக் கொடுத்த ஒரு அம்மா அவனைப் பார்த்துக் கண்ணீர் விட்டு அழுதாள், அழுது முடித்த கையோடு ரவிக்கை நாளைக்குக் கிடைக்குமா என்றாள். முனகல் நின்றுவிட்டது பாப்பா. அந்தச் சத்தம் வீட்டில் இல்லாததே எனக்குப் புதிதாக இருக்கிறது.

மருந்து ஏற்றப்போவதில்லை. உன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆறு மணிநேரம் காரில் போக வேண்டும், இரண்டு தெரு தாண்டினாலே வாந்தி எடுக்கிறவன் அவன். இருக்கிற நாளைக் காரில் கழிக்க வேண்டாம் என்று அப்பாவும் நானும் ஒரே பேச்சாகச் சொன்னோம், நாங்கள் ஒத்துப்போனதற்கு நீ சந்தோஷப்பட வேண்டும். கோபம் வந்தால் என்மேல் வை, அப்பாவிடம் காட்டாதே.

நாலைந்து மாதம்தான். அவன் போன பிறகு லீவு போட்டு வந்து ஓரமாக நின்று அழுவதாக இருந்தால் வரவே வேண்டாம், அழுவதற்கு இங்கே ஏற்கெனவே ஒரு தையல்காரர் இருக்கிறார், கண்ணில் தூசி என்பார். வருவதானால் இப்போதே வா. உன்னைப் பார்த்ததும் வேகமாக எழுந்திருக்கப் பார்ப்பான், கட்டாயம் விழுவான். ஓடிப்போய்த் தூக்காதே, தானே எழுந்து உன்னிடம் வருவான். அதுவரை வாசலிலேயே நில்.

இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு, இருமலை அலட்சியம் செய்யாதே.

உன் அம்மா
(அப்பா பக்கத்தில் நின்று, குளிரா என்று கேட்கச் சொல்கிறார்)