பச்சை உடம்பும் பச்சைப் பிள்ளையும்

அன்புப் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், இன்று காலையிலிருந்து நிஜமாகவே சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் உங்கப்பா பக்கத்தில் நின்று கதையைத் தன் பக்கம் திருப்பிவிடுகிறார், அதனால் எழுதுகிறேன். முதலில் சேதி, உன் தங்கச்சி மகளுக்கு எடை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரித் தராசில் முள் நகர்ந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை, தையல் கூடத்தில் இன்று ஒரு சட்டைக்குக் கையை இடம் மாற்றித் தைத்துவிட்டேன்.

குழந்தை ஏன் தேறவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, இப்போது கேள். பிரசவம் முடிந்து சின்னவளைக் கூட்டிவர எனக்கு லீவு கிடைக்காமல் உங்கப்பாதான் போனார், லேத்துச் சத்தத்தில் பாதிக் காதைப் பறிகொடுத்த மனுஷன். கிளம்பும்போது நர்ஸம்மா, பச்சைப் பிள்ளை, ஆறு மாசத்துக்குப் பால் மட்டும்தான், வேற எது குடுத்தாலும் வயிறு தாங்காது என்று சொல்லியிருக்கிறார். இவர் காதில் பச்சைப் பிள்ளை பச்சை உடம்பாக விழுந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து, பெத்தவளுக்குப் பச்சை உடம்பு, பால் மட்டும்தானாம், நர்ஸே சொல்லிட்டாங்க என்று சட்டம் போட்டுவிட்டார். நானும் ஆஸ்பத்திரியில் சொன்னதாயிற்றே என்று தலையாட்டி, பாலைக் காய்ச்சிக் காய்ச்சிக் கொடுத்தேன். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால், வாசனை போய் அவளுக்கு ஆசை வந்துவிடக்கூடாது என்று அவள் அறைக் கதவைச் சாத்திவிடுவார், அவ்வளவு பாசம்.

அவளுக்கோ பசியில் கண்ணை இருட்டுகிறது, பிள்ளை ஓயாமல் அழுகிறது, எனக்குப் பாலே ஊறலம்மா, நான் எதுக்கும் லாயக்கில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உங்கப்பா பால்மாவு டின் ஒன்றை வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். போன வாரம் எடை பார்க்கப் போனால் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது. நர்ஸம்மா பிள்ளையை விட்டுவிட்டு சின்னவளின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், என்னம்மா சாப்பிடறே என்று கேட்டார், பால்தான் என்றாள் இவள். யார் சொன்னது என்றதும் பெஞ்சிலிருந்து உங்கப்பா எழுந்து, நீங்கதாம்மா சொன்னீங்க என்றார் பார், பெருமையாக. சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் நின்ற நர்ஸம்மா அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். பால் மட்டும் பிள்ளைக்கு, பெத்தவளுக்கு வீட்டில் ஆக்குகிற எல்லாமும், அதுவும் மற்றவர்களைவிட ஒரு வேளை கூடுதலாக, தாகமெடுக்கும்போதெல்லாம் தண்ணீர், பிள்ளை கேட்கும்போதெல்லாம் மார். வீட்டில் பால்மாவு டின் இருக்கிறது என்று நான் சொன்னதும், அதைத் திறக்காதீங்க, அடுத்த வாரமும் ஏறலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கணும் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்கப்புறம் வீட்டில் யாருக்கும் உயிர் உயிராக இல்லை. உங்கப்பா வேலையிலிருந்து வந்ததும் அடுப்படிக்குள் நுழைந்து முட்டை வேகவைத்தார், கீரை ஆய்ந்தார், பாதி மண்ணோடு. சின்னவள் அதையும் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். இன்று முள் ஏறியதும் நர்ஸம்மாவே கைதட்டினார், உங்கப்பா வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். டின் கடைக்கே திரும்பிப் போய்விட்டது.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், வேலை வேலை என்று காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. ஒன்று மட்டும் மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. தபால்காரரைக்கூடச் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற வீடு நம் வீடு. சின்னவளிடம் மட்டும் பிள்ளை குடிச்சுதா, பிள்ளை தூங்குச்சா என்றே நான் கேட்டேன், நீயும் போனில் அதையேதான் கேட்டாய். பசிக்குதுன்னு ஏண்டி ஒரு வார்த்தை சொல்லலை என்று நேற்று அவளைக் கடிந்துகொண்டேன். யாரும் கேக்கலையேம்மா என்றாள். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது முதலில் அவளைக் கேள்.

என்றும் உன் நினைவாக,
அம்மா