ஆமாம் சார் என்ற நால்வர்

12.8.83, காலை 6 மணி

ஞானதீபம்,

நீ ஜெபத்திற்குப் போயிருக்கும்போதே புளியங்குடிப் பேருந்துக்குப் புறப்படுகிறேன். சாவி மாடக்குழியில். கஞ்சியை மூடி வைத்திருக்கிறேன்.

நீ சுவரைப் பிடித்துத்தான் எழுகிறாய், கொழுப்பு மாத்திரைதான் காரணம் என்றேன். எழுதிக் கொடுத்த டாக்டர், நம் மகன் ஜஸ்டஸ், "அம்மாவே வலி இல்லங்காவ, நீங்க ஏன் கெடந்து துள்ளுதிய?" என்றான். அந்த ஆத்திரத்தில், அதே மாத்திரை உண்ணும் நால்வரிடம் "கால் வலிக்கிறதல்லவா?" என்று கேட்டு நோட்டில் எழுதினேன். நால்வரும் "ஆமாம் சார்" என்றார்கள். நேற்று நீ சிரித்தாய்: "எல்லாம் உங்ககிட்டப் படிச்ச பயலுவ. நீங்க கேட்டா எவன் இல்லன்னு சொல்லுவான்?"

சாப்பிடாமல் படுத்தேன். ஆயினும் நீ சொன்னதே சரி.

எலுமிச்சை மண்டிப் பரமசிவனும் அதே மாத்திரை உண்பவர். என்னிடம் படிக்காதவர், என்னை மதிக்காதவர். அவரிடம் "உடம்பு எப்படி?" என்று மட்டும் கேட்பேன்.

மாலையில் ஜஸ்டஸ் வந்தால் இருக்கச் சொல். அதுவரை மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

சத்தியநாதன்

பி.கு.: உன்னிடமும் தினமும் "வலி ஒன்றும் இல்லையே?" என்றுதான் கேட்டிருக்கிறேன். நீயும் "இல்லை" என்றாய். இன்று நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அவன் முன்னால் நீயே சொல்.