‘தப்பா நடந்துக்கினாரு’ என்று நாம் எழுதியது

பிரியமுள்ள அப்பாவுக்கு,

ஆவணி மூன்றாம் தேதி, காலை ஆறு இருபது. நீங்கள் போய் இன்றோடு நாற்பத்தொரு நாள். அலுப்பாக இருக்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ராணுவத்தில் சுமதி அக்கா கொடுத்த புகாரை முடித்துவிட்டார்கள். நேற்று நம் வீட்டு விலாசத்துக்குக் கடிதம் வந்தது. ‘கண்ணியக் குறைவான பேச்சு’ என்று, அவள் புகார் சொன்ன சுபேதாருக்கு ஓர் எச்சரிக்கை. பேச்சாம். அவள் அதே முகாமில் தினமும் காலையில் அவனுக்கு சல்யூட் அடிக்கிறாள்.

லீவில் திண்டிவனம் வந்த மறுநாள் அக்கா நம் இருவரிடமும் ஒளிக்காமல்தானே சொன்னாள்? ஸ்டோர் ரூமைப் பூட்டிக்கொண்டு பலாத்காரம் செய்தான் என்றாள். நீங்களும் பட்டாளத்தில் இருந்தவர். என்னை டைப் பண்ணச் சொல்லிவிட்டு, “அந்த வார்த்தை வேணாம்டா. தப்பா நடந்துக்கினாருன்னு போடு. அவங்களே புரிஞ்சிப்பாங்க” என்றீர்கள். அவனுக்கு மரியாதை வேறு. நானும் அதையே இங்கிலீஷில் அடித்தேன்.

டிரான்ஸ்ஃபார்மர் பழுது பார்க்கிறவன் நான். ரிப்போர்ட்டில் ‘சரியில்லை’ என்று மட்டும் எழுதினால் முகத்தில் எறிவார்கள். எங்கே, என்ன, எப்போது என்று இருக்கவேண்டும். அன்றைக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டேன்? உங்கள் மேல் பயமா, அந்தச் சொல்லை அடிக்க எனக்கே கூச்சமா?

உங்கள் காரியம் முடிந்து அக்காவை விழுப்புரத்தில் ரயில் ஏற்றப் போனேன். வண்டி லேட். டீயைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: “நீ டைப் பண்ணிக்கினு இருந்தப்ப உன் மூஞ்சியத்தான் பாத்துக்கினு இருந்தேன், நீயாவது கேப்பன்னு. டிரான்ஸ்ஃபார்மருக்குக் குடுக்குற மரியாதகூட எனக்குக் குடுக்கலடா நீ.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அவள் மானத்தை மூடுவதாக நினைத்தீர்கள். நாம் மூடியது அவனை, அப்பா. நேற்று கடிதத்தைப் படித்துக் காட்டியதும் போனில் ஒன்றுதான் சொன்னாள்: “திரும்ப எழுதலாம். இந்த வாட்டி நான் சொல்றத எழுது.”

இனிச் செய்யப்போவது:

1. இன்று சாயந்திரம் அக்கா சொல்லச் சொல்ல எழுதுவேன். ஒரு சொல்லும் மாற்றமாட்டேன்.

2. அதை விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் காட்டி, அக்கா சரி என்ற பிறகே அனுப்புவேன்.

3. முதல் புகாரை மழுப்பியது அவளல்ல, நான் என்று தனியாக எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அப்படி எழுதச் சொன்னது நீங்கள் என்பதும் அதில் இருக்கும். கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
சுமதியின் தம்பி