முன்பே எழுதி வைத்திருந்த வேலை

ஆகஸ்ட் 12, செவ்வாய். சேலையூர்.

துப்புரவுப் பணியில் இருக்கும்போதே அப்பா இறந்ததால், வாரிசு வேலைக்கு மனுக் கொடுக்க இன்று அம்மாவோடு மாநகராட்சி அலுவலகம் போனேன். கிளார்க் நீட்டிய படிவத்தில் 'துப்புரவுப் பணியாளர்' என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. பி.காம். படித்திருக்கிறேன் என்றேன்.

"அதனால இன்னாம்மா? அப்பா செஞ்ச வேலைதானே, உங்களுக்குப் பழக்கம்தானே" என்றார்.

உங்களுக்கு என்றால் யாருக்கு? எனக்குத் தெரியாதா?

அந்தக் காலத்தில் பண்ணையார் நிலத்தை விற்றபோது, அடிமையாக இருந்த எங்கள் முப்பாட்டனையும் அதே பத்திரத்தில் சேர்த்து எழுதிக் கொடுத்தாராம். அப்பா சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் எங்களை யாரும் கேட்டு எழுதவில்லை.

அந்த வரியை அடித்துவிட்டு 'இளநிலை உதவியாளர்' என்று எழுதினேன்.

"அடிச்சா ஃபாரம் செல்லாது."

"அப்போ வேற ஃபாரம் குடுங்க சார். நானே எழுதிக்கிறேன்."

"தீந்துபோச்சு. நாளைக்கு வா."

நாளைக்கும் போவேன், நாளை மறுநாளும் போவேன்.

பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்தபடியே வந்தாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். கேம்ப் ரோட்டில் இறங்கியதும் நேராகக் கடைக்குப் போய்ப் பேனா கேட்டாள்.

"அழியாத மையா பாத்துக் குடுப்பா. எம் பொண்ணுக்கு."

அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.