திங்கட்கிழமைக் கிறிஸ்தவர்

என் உடன்பிறந்த போதகருக்கு,

அக்கா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் பொய்யாகிவிடும். போனில் சொல்லலாம் என்றால், நான் அழுவேன், நீ ஒரு ஜெபம் பண்ணிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பெரியவன் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறான். உன் அத்தான் இன்றோடு ஆறு வாரமாக வீட்டில்தான் இருக்கிறார். காலையில் பழக்கதோஷத்தில் கம்பெனிச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார், பிறகு கழற்றி மடித்து வைக்கிறார். பார்க்கச் சகிக்கவில்லை.

எல்லாம் நீ இங்கே போதகராக இருந்தபோது ஆரம்பித்த வகுப்பால் வந்த வினை. "ஞாயித்துக்கிழமை மட்டும் கிறிஸ்தவனா இருக்காதீங்க, திங்கட்கிழமையும் இருங்க" என்று முழங்குவாயே! ஆளுக்கொரு அட்டை கொடுப்பாய். வேலை செய்யும் இடத்தில் விசுவாசத்துக்காகச் செய்த ஒரு காரியத்தை அதில் எழுதி, ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து சொல்ல வேண்டும். நீ மாற்றலாகிப் போன பிறகும் அந்த வழக்கம் நிற்கவில்லை. மற்றவர்கள் பஸ்ஸில் இடம் கொடுத்தேன், கோபத்தை அடக்கினேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். உன் பேச்சை நிஜம் என்று நம்பிய ஒரே அப்பாவி உன் அத்தான்தான்.

இவர் சோதிக்கப் போன பிரசவ ஆஸ்பத்திரி லிஃப்டில் இரும்பு வடம் நைந்திருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சோதனைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார் முதலாளி. இவர் மாட்டேன் என்று லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிட்டு வந்தார். அதோடு விட்டிருந்தால் வேலை தப்பியிருக்கும். இவரோ அதை அட்டையில் எழுதி, மைக்கைப் பிடித்துச் சபை முழுக்கச் சொல்லிவிட்டார். முதலாளி பேரைச் சொல்லவில்லையாம்! முதல் வரிசையில் உட்காரும் சபை மூப்பரின் லிஃப்ட் கம்பெனியில்தான் இவருக்கு வேலை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியுமே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? மறுநாளே வேலை போயிற்று.

கொடுமையைக் கேள். அந்த வாரமே சத்தமில்லாமல் வடத்தை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் மூப்பர், "வடம் நல்லாத்தான் இருந்துச்சு, தான் சொன்னதுதான் தப்புன்னு அதே மைக்குல அவர் சொல்லட்டும், வேலை தர்றேன்" என்கிறார். புதுப் போதகர், "குடும்பத்தப் பாருங்க" என்கிறார். அவராவது மூப்பரின் முகம் பார்த்துப் பிழைக்கிறவர். நீயுமா? "விவேகமும் விசுவாசம்தான் அத்தான், சமாதானமாப் போயிடுங்க" என்று எழுதியிருக்கிறாயே! பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறாயா? அந்தக் கடிதத்தை அவர் மூன்று தடவை படித்தார். மறுநாள் மூப்பர் வீட்டுக்குப் போய், வருகிற ஞாயிறு சொல்லிவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் ஜெபம் இல்லை. சாப்பிட உட்கார்ந்ததும் சின்னவள் கையைக் கூப்பிக்கொண்டு அப்பா முகத்தைப் பார்க்கிறாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு ஆராதனை ஒன்பதரைக்கு. அதற்குள் அவரைப் போனில் கூப்பிடு. "வேண்டாம் அத்தான், நீங்க செஞ்சதுதான் சரி, நான் எழுதினதுதான் தப்பு" என்று சொல்லிவிடு. உன் வார்த்தைக்குத்தான் அவர் கட்டுப்படுவார். சொல்வதற்கு எனக்கு வாய் ஏது? உன் கடிதம் வருவதற்கு முன்பே, மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்று ஒரு மாதமாக அவரை அரித்தெடுத்தவள் நான்தான்.

கர்த்தர் உன் நாவைத் திறப்பாராக.

அக்கா