பங்களா வளைவில் நின்ற சத்தம்

கூரை ஒழுகுகிற இடத்துக்குக் கீழே வைக்க ஒரு டின் தேடினேன். அடுப்புக்கு மேலே, விறகு காயப்போடுகிற பலகையின் மூலையில் பழைய பால்மா டின் ஒன்று கிடந்தது. மூடியைத் திறந்ததும் உங்கள் வாசம் அடித்தது. எஞ்சின் எண்ணெயும் பெட்ரோலும் கலந்த வாசம். உள்ளே சுருட்டி வைத்திருந்தது என் சிவப்புச் சேலையின் முந்தானைத் துண்டு. வண்டி துடைக்க என்னிடம் கேட்டு வாங்கினீர்களே, அதுதான். கறுத்துப் போய் விறைத்துக் கிடந்தது. மழைத்தண்ணீர் தன் பாட்டில் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் டின்னை மூடி அதே மூலையில் வைத்துவிட்டு, ஒரு சட்டியை எடுத்து ஒழுகலுக்கு வைத்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்று தேயிலைக் கொழுந்துக் கூடை தூக்கியவள். உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு ஒரு நாளும் தேவை வந்ததில்லை. லயத்து வரிசை வீட்டில் ஒரே அறைதான் நம் காம்பரா. சொல்ல வேண்டியதை அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவேன். இப்போது எங்கிருந்து சொல்வது என்று தெரியாமல், நம் மகள் சரசு கொடுத்த கொப்பித் தாளில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதீர்கள்.

வண்டி வாங்க அட்டனுக்குப் போன நாள் நினைவிருக்கிறதா? அப்போது சரசு லயத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். மேலே படிக்க வேண்டுமென்றால் டவுன் பள்ளிக்கூடம். பஸ் போகிற ரோடோ எங்கோ கீழே. மழையிலும் பனியிலும் அவ்வளவு தூரம் பிள்ளை தனியாக நடக்க முடியாது. "என் மக கூடை தூக்கக் கூடாது புள்ள" என்றீர்கள். தேயிலைத் தூள் அரைக்கிற ஸ்டோரின் எஞ்சின் ரூமில் இத்தனை வருடம் வேலை செய்தவருக்கு வேறு யோசனை வரவில்லை. மோட்டார் சைக்கிள் என்றீர்கள். லயத்தில் பிறந்த ஒருவர் மோட்டார் சைக்கிள் வாங்குவதா என்று கேட்டேன்.

அந்த முஸ்லிம் நானாவின் கடையில் பழைய வண்டிகள் மூன்று வரிசையாக நின்றன. ஒன்று சின்னது. அதைப் பார்த்ததுமே, "சரசுவ ஏத்துனா இது ஏத்தம் ஏறாது" என்று தள்ளி வைத்தீர்கள். இன்னொன்று பெரியது, நம் தோட்டத்தில் பெரியதுரைக்கு அடுத்தவரான சின்னதுரை ஓட்டிய வண்டியின் கூடப் பிறந்தது மாதிரி. அதன் பெட்ரோல் டாங்கியில் நீங்கள் கை வைத்தீர்கள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நடுவில் நின்றதுதான் நம் வண்டி. சங்கிலியை இழுத்துப் பார்த்தீர்கள். சக்கரத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைக் கொடுத்தீர்கள். லைட்டைப் போட்டு, "பனிக்குள்ள வழி தெரியுமா?" என்று கேட்டீர்கள். உடைந்தால் சாமான் அட்டனிலேயே கிடைக்குமா, கண்டிக்கு ஓட வேண்டுமா என்று கேட்டீர்கள். அதெல்லாம் எல்லோரும் கேட்பதுதான். அதற்குப் பிறகு செய்ததுதான் கடைக்காரரைத் திகைக்க வைத்தது. மூன்று வண்டியையும் ஒவ்வொன்றாகக் கடைக்குப் பின்னாலிருந்த ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போனீர்கள். எஞ்சினைப் போடவே இல்லை.

"என்ன தம்பி, வண்டி வாங்க வந்தீங்களா, ஏர் பூட்ட வந்தீங்களா? ஏறி ஓட்டிப் பாருங்களேன்" என்றார் அவர்.

"ஓடத்தான் எல்லா வண்டியும் ஓடுமே நானா. தள்ள முடியுமான்னு பாக்குறேன்."

அவர் சிரித்தார். பிறகு நாம் எந்தத் தோட்டம் என்று கேட்டார். சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப நடுவுல உள்ளத எடுங்க" என்றார்.

பங்களா வளைவு தெரிந்தவர் போல. டவுனிலிருந்து வருகிற ரோடு தோட்டத்தை ஆள்கிற பெரியதுரையின் பங்களா முன்னால் ஏறித்தான் லயத்துக்குப் போகும். அங்கே லயத்து ஆட்கள் யாரும் வண்டியில் ஏறிப் போகக் கூடாது. சைக்கிள் என்றாலும் இறங்க வேண்டும். மழை கொட்டினாலும் குடையை மடக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ, நாம் பிறந்தபோதே இருந்தது. நீங்கள் பெரிய வண்டியை விட்டு நடுத்தர வண்டியை எடுத்தது அந்த ஏற்றத்துக்காக. சின்னதுரையின் வண்டியைவிட நம் வண்டி ஒரு விரற்கடையாவது சிறியதாக இருக்கட்டும் என்று நான் சொன்னதற்காகவும்தான். "பத்துச்சீட்டு குடுத்து வேலையவிட்டு நிறுத்திட்டா எங்க போவோம்? இந்த நாட்டுலயும் நமக்குப் பேர் இல்ல, அந்த நாட்டுலயும் இல்ல" என்றேன்.  திரும்பி அந்தப் பெரிய வண்டியை ஒருமுறை பார்த்தீர்கள். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் கிடக்கிறது.

அதற்குப் பிறகு என் சாயங்காலங்கள் அந்தச் சத்தத்தில்தான் ஓடின. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து அடுப்பை மூட்டுவேன். தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்கும். பங்களா வளைவு வந்ததும் சட்டென்று நிற்கும். சரசு இறங்கிப் புத்தகப் பையோடு நடப்பாள், நீங்கள் தள்ளுவீர்கள். அந்தச் சத்தம் நின்றதும் நான் தண்ணீர் வைப்பேன். கொதித்து, தேயிலைத் தூளைப் போட்டு, வடித்து, சீனிக்கட்டியை எடுத்து வைக்கிறபோது வளைவுக்கு மேலே திரும்பவும் எஞ்சின் உறுமும். நீங்கள் வந்து நிற்கவும் பிளேன்டீ கையில் இருக்கும். "எப்புடி புள்ள நேரம் தவறாம வைக்கிற?" என்று கேட்பீர்கள். நெற்றி வியர்த்திருக்கும். அவ்வளவு குளிரில் வியர்த்திருக்கும். 

வண்டியை நீங்கள் வைத்திருந்த வைப்பை லயமே பேசியது. ஒரு நாள் என் கம்பளியைக் கொண்டுவந்து வண்டிக்குப் போர்த்தினேன். கோபம் வந்துவிட்டது உங்களுக்கு. "கம்பளி ஈரத்தக் குடிச்சு வச்சிருக்கும். போத்துனா உள்ளயே வேர்த்துத் துரு ஏறிரும். காத்து படட்டும் விடு" என்று தூக்கிப் போட்டீர்கள். தேயிலைப் பெட்டிக்குள் போடுகிற ஈயத்தாளை ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கி இருக்கைக்கு மட்டும் போட்டீர்கள். லயத்துக் கோழிகளெல்லாம் அதில்தான் வந்து அடையும். அதற்காக இஸ்தோப்புத் திண்ணையில் பலகை வைத்து மறித்தீர்கள். காற்றோடு மழை அடிக்கிற நாளில் வண்டி காம்பராவுக்குள்ளேயே வந்துவிடும். நானும் சரசுவும் அடுப்பங்கரையில் சுருண்டு கிடப்போம்.

பக்கத்துக் காம்பரா முத்தாயி அக்கா விடுவாளா? "ஏண்டி, ஒன் புருசன் வண்டிக்கு ஒரு பாயும் போட்டுக் குடுத்துரு. குட்டி போட்டா எனக்கு ஒண்ணு" என்பாள்.

"குட்டி போட்டா அதத் தள்ள ஒம் புருசன் வரணும் அக்கா, அதுக்கு மொதல்ல அவர பாயிலேருந்து எழுப்பு" என்பீர்கள் உள்ளேயிருந்து. லயம் முழுக்கச் சிரிக்கும்.

எவ்வளவு களைப்பாக வந்தாலும் அந்தச் சிவப்புத் துணியை எடுக்காமல் இருந்ததில்லை. "மழையில நனைஞ்சு எந்த வண்டியும் கெடாது. நனைஞ்சதத் தொடைக்காம வைக்கிறதுலதான் கெடும்" என்பீர்கள். அந்த வார்த்தையை நான் சரியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்று இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும்.

சரசுவுக்குக் காய்ச்சல் வந்த நாளைச் சொல்ல வேண்டும். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பிள்ளை பிதற்ற ஆரம்பித்துவிட்டாள். டவுன் ஆஸ்பத்திரிக்கு என்று அவளை நடுவில் வைத்து நான் பின்னால் பிடித்துக்கொண்டேன். வளைவுக்கு வந்தோம். நீங்கள் எஞ்சினை நிறுத்தவில்லை. உங்கள் முதுகு விறைத்ததை நான் உணர்ந்தேன். போய்விடுவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நான்தான், "எறங்குங்க, எறங்குங்க" என்று உங்கள் தோளைப் பிடித்து உலுக்கினேன். நிறுத்தினீர்கள். பிள்ளையை டாங்கியின் மேல் சாய்த்துக்கொண்டு நீங்கள் தள்ள, பள்ளத்தில் வண்டி ஓடிவிடாமல் நான் பின்னால் இழுத்துப் பிடித்தேன். காய்ச்சல்காரப் பிள்ளை மட்டும் உட்காரலாம் என்று நாமே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்.

பங்களா வாசலில் சமையல்கார அப்பு நின்றார். "யாருக்குப்பா எறங்குற? தொரதான் கொழும்புக்குப் போயிருக்காரே" என்றார்.

நீங்கள் நிற்காமலே சொன்னீர்கள்: "பங்களா போகலயே அப்பு."

அவர் சிரித்தார். நானும் அசட்டுச் சிரிப்பாகச் சிரித்துவைத்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஜன்னலெல்லாம் சாத்திக் கிடந்த ஆளில்லாத வீட்டுக்கு முன்னால், கொதிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் நடந்தோம். சரசு பிழைத்துக்கொண்டாள். அதனால் இதை மறந்துவிடலாம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

வெள்ளைக்காரப் பெரியதுரை ஒரு வழியாகச் சீமைக்குப் போனார். அடுத்து வந்தவர் சிங்களத் துரை. வந்த புதிதில் ஒரு நாள் பங்களா வாசலில் நின்றவர், நீங்கள் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்துக் கேட்டாராம், "என்னப்பா, பெட்ரோல் முடிஞ்சிதா?"

"இல்லீங்க தொர. வழக்கமுங்க."

"என்ன வழக்கம்? ஏறிப் போ."

அதை இஸ்தோப்பில் உட்கார்ந்து என்னிடம் சொன்னபோது உங்கள் குரலே வேறாக இருந்தது. "ஏறிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"கால் வரல புள்ள. அந்த மனுசன் நிண்டு பாக்குறாரு, ஏறுங்குறாரு. எனக்குக் காலத் தூக்க வரல. தள்ளிக்கிட்டேதான் வந்தேன்." பிறகு, "ஞாயித்துக்கெழம நீ பின்னால ஒக்காரு. ஒத்தையில ஏற வராது. நீ இருந்தா ஏறிருவேன். ரெண்டு பேருமா அட்டன் கோயிலுக்குப் போவோம்" என்றீர்கள்.

அந்த வாரம் முழுக்க வண்டிக்குக் கல்யாணக் களை. கைப்பிடிக்கு வெள்ளி மாதிரி ஒரு பளபளப்பு. முன் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் கூடக் கட்டினீர்கள். ஞாயிறு விடிந்தது, ஆடி மழை. நீங்கள் சட்டை போட்டுக்கொண்டு நின்றீர்கள். "நனைஞ்சா நனையட்டுமே, வா" என்றீர்கள். நான்தான், "இவ்வளவு தொடச்சு வச்சிட்டு சேத்துல எறக்கவா? வெயில் வரட்டுங்க. நாலு பேர் பாக்கப் போவோம்" என்றேன். புதுச் சேலை நனையும் என்பதும் மனதில் இருந்தது. நீங்கள் மழையைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். "சரி, வெயில் வரட்டும்" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினீர்கள்.

வெயில் வரவில்லை. நாளும் மழை. முதல் தடவை என்னோடுதான் என்று வைராக்கியமாக, ஏறிப் போகலாம் என்று ஆன பிறகும் வளைவில் இறங்கித் தள்ளியே வந்தீர்கள். நானும் சத்தம் நின்றதும் தண்ணீர் வைத்தேன். ஒரு நாள் மத்தியானம் கொழுந்து மலைக்கு ஆள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். எஞ்சின் ரூமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை என்றார்கள். ஆணியில் மாட்டிய சட்டையைத்தான் உங்களுக்குப் போட்டு அனுப்பினோம்.

இப்போது வண்டியைச் சரசுவின் புருசன் ஓட்டுகிறார். நல்ல பிள்ளை. சரசு கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வருவார். துணி எடுத்துத் துடைக்கிறார், ஆனால் உங்கள் மாதிரி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, "அத்தை, ஏறுங்க, அட்டனுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார். வேண்டாம் வேண்டாம் என்றவள், சரசு கண்ணைப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டேன். வளைவு வந்தது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. என் கால் தானாகத் தொங்கித் தரையைத் தேடியது.

"அத்தை, காலத் தூக்குங்க! சக்கரத்துல மாட்டிக்கும்" என்று கத்தினார் மருமகன்.

தூக்கினேன். அவ்வளவுதான். ஒரு மதில், ஒரு வாசல், கொஞ்சம் பூச்செடி. மூச்சை இழுத்தேன், விடுவதற்குள் பங்களா பின்னால் போய்விட்டது. இவ்வளவுதானா அந்த ரோடு? ஒரு பிளேன்டீ கொதித்து வடிக்கிற நேரம் நீங்கள் தள்ளிய ரோடு ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது. மருமகன் முதுகுக்குப் பின்னால் அழுதேன். காற்று என்று நினைத்திருப்பார்.

நனைந்தால் நனையட்டும் என்றீர்களே. அன்றைக்கு ஏறியிருக்கலாம்.

சாயங்காலம் சத்தம் இப்போது வளைவில் நிற்பதில்லை. ஒரே மூச்சில் மேலே ஏறி வந்துவிடுகிறது. ஆனால் அது வளைவுக்கு வருவதற்கு முன்னால் என் கை கேத்தலைத் தொடாது. வண்டி வாசலில் நின்ற பிறகும் தண்ணீர் கொதிக்கவில்லை. "அத்தை, கொஞ்சம் முந்தியே வைக்கக் கூடாதா?" என்று மருமகன் கேட்கிறார். நாளைக்கு வைக்கிறேன் தம்பி என்கிறேன். வைப்பதில்லை. அந்த நேரம் நீங்கள் இன்னும் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள்.