சாலை எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது

தெற்கு கோபிப் பாலைவனம், மண்பாதைக் கடை
3 ஜூலை 2011

ரோலர் ஓட்டுநர் ஒச்சிர் அவர்களுக்கு,

மனைவியாக எழுதவில்லை, கடைக்காரியாகக் கேட்கிறேன். வடக்கிலிருந்து நீங்கள் போட்டு வரும் தார்ச்சாலை என் கடையை ஒட்டித்தானே சீன எல்லைக்குப் போகிறது? நிலக்கரி லாரிக்காரர்கள் கேலி செய்கிறார்கள். "அக்கா, இனிமே உங்க கறிக் கொழுக்கட்டைய எட்டு கிலோமீட்டருக்கு எறியணும். கையில தெம்பிருக்கா?" என்றான் ஒருவன். சிரித்து வைத்தேன். லாரி வராவிட்டால் நானும் மகள் சரங்கோவும் எதைத் தின்பது?

ஒரு கோடை வேலை என்று போனவர் இரண்டு குளிர்காலம் தாண்டியும் வரவில்லை. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஹாண்டா, சாப்பாட்டுக் கடை

சாலைப்பணி முகாம்
9 ஜூலை

அன்புள்ள ஹாண்டா,

தண்ணீர் லாரிக்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தார். நிலக்கரி லாரிக்காரர்கள் சொன்னது உண்மைதான். சாலை உனக்குக் கிழக்கே எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. செப்டம்பரில் திறக்கிறார்கள். நம் வீடு என்ன கல்லுக்கட்டடமா? கூடாரத்தைப் பிரித்து ஏற்றிக்கொண்டு வா. சாலையோரமாக ஒரு மேடு இருக்கிறது; அதற்கு வடக்கே இடம் பார்த்து அடையாளக் கல் நட்டு வைத்திருக்கிறேன்.

நீ கேட்காததற்கும் பதில் சொல்கிறேன். முதல் குளிர்காலத்தில் குடித்துவிட்டு வேலையைத் தொலைத்தேன். எந்த முகத்தோடு வருவது? பிறகு வேலை கிடைத்தது, வெட்கம் போகவில்லை. இரண்டு முறை லாரியில் உன் கடையைத் தாண்டிப் போனேன், தலையைக் குனிந்துகொண்டு. இப்போது குடிப்பதில்லை.

உன்
ஒச்சிர்

மண்பாதைக் கடை
20 ஜூலை

ஒச்சிர் அவர்களுக்கு,

நீங்கள் கல் நட்ட இடத்தைப் போய்ப் பார்த்தேன். நல்ல லட்சணம்! நம் ஜனத்தில் யார் வீட்டுக் கதவு வடக்கே பார்க்கிறது? தெற்கே கதவு வைத்தால் வடக்கிலிருந்து வருகிறவனுக்கு என் கூடாரத்தின் முதுகுதான் தெரியும். தெற்கிலிருந்து வருகிறவனுக்கு மேடு மறைக்கும். எல்லையில் நாலு நாள் வரிசையில் கிடந்து காய்ந்து திரும்புகிறவன்தான் வயிறாரச் சாப்பிடுவான். அவன் கண்ணில் கதவு பட வேண்டாமா? சாலை போடத் தெரிந்து என்ன பயன்!

உங்கள் கல்லைப் பிடுங்கி மேட்டுக்குத் தெற்கே நட்டுவிட்டு வந்தேன்.

ஹாண்டா

சாலைப்பணி முகாம்
2 ஆகஸ்ட்

ஹாண்டா,

நீ சொன்னதுதான் சரி. இதைக் கேட்டு இங்கே எல்லாரும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள். "உன் பொண்டாட்டிய இஞ்சினியரா போட்டிருக்கணும்டா" என்கிறார் மேஸ்திரி.

கடை வரும், தெரிகிறது. நான் வரலாமா?

ஒச்சிர்

மண்பாதைக் கடை
14 ஆகஸ்ட்

ஒச்சிருக்கு,

என் கோபம் தீரவில்லை. ஆனாலும் நீங்கள் வரவேண்டும் என்றிருக்கிறது. சரங்கோ உங்கள் முகத்தை மறந்துவிட்டாள், அதற்குத் தயாராக வாருங்கள்.

வெள்ளிக்கிழமை பிரித்து ஏற்றுகிறோம், சனிக்கிழமை காலையில் கூடாரம் எழுப்புகிறோம். சுற்றி மரத்தட்டிச் சுவர் கட்ட ஆள் இருக்கிறது. நடுவில் நின்று கூரை உச்சியின் மர வளையத்தைத் தூக்கிப் பிடிக்கத்தான் ஆள் இல்லை. "நான் புடிக்கிறேம்மா" என்றார் தண்ணீர் லாரிக்காரர். "வேணாம்ணே, வீட்டுக்காரர் வருவாரு" என்று சொல்லிவிட்டேன்.

வளையம் கனமானது. கூரைக் கழிகளை எல்லாம் அதில் சொருகி முடிக்கும்வரை கையை எடுக்கக் கூடாது.

ஹாண்டா